ரெட்கம் தெருவில் இறங்கிய வானம்

ரெட்கம் தெருவில் வானம் முதன்முதலாகக் கீழே இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குப்பை வண்டி வரும் நாள் என்பதால் எல்லோரும் தொட்டிகளை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தார்கள். ஆகவே சாட்சிக்குப் பஞ்சமில்லை. டிவி ஆன்டெனாக்களின் நுனி நீலத்துக்குள் செருகிக்கொண்டு நின்றது. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு கொண்டைக்கிளி தலையில் இடித்துக்கொண்டு புல்லில் விழுந்து, சற்று நேரம் உட்கார்ந்து யோசித்துவிட்டு, நடந்தே பக்கத்துத் தெருவுக்குப் போனது. அங்கே வானம் இருந்த இடத்தில்தான் இருந்தது. மூலை வீட்டு டெஸ்மண்ட் அண்ணாந்து பார்த்து, "வரியை மட்டும் வருஷா வருஷம் ஏத்தத் தெரியுது இந்தக் கவுன்சிலுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மார்லீன் கிரெக் மட்டும் தொட்டியின் கைப்பிடியை விடாமல் நின்றாள். இது யாரால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

மெல்பர்னுக்கு மேற்கே புதிதாக எழும் குடியிருப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மரங்களை வெட்டி நிலத்தைச் சமப்படுத்துகிறார்களோ, அந்த மரத்தின் பெயரையே தெருவுக்கு வைத்துவிடுவார்கள். ரெட்கம் என்பது அந்த மண்ணின் பழைய யூகலிப்டஸ். தோப்பாக நின்றவற்றில் தெருவின் வளைவில் ஒன்றே ஒன்று தப்பியது; அதை வெட்டச் சட்டம் விடவில்லை. மற்றபடி கறுப்புக் கூரை, கறுப்புத் தார், சன்னல் வழியாக அடுத்த வீட்டு அடுப்புக்கு உப்பு எட்டிப் போடலாம் என்கிற அளவுக்கு நெருக்கி வைத்த வீடுகள். விற்பனைப் படத்தில் பூங்கா என்று பச்சைச் சதுரம் ஒன்று இருந்தது. வீடு வாங்கியவர்கள் குடிவந்து பார்த்தபோது அது மழைநீர்ப் பள்ளம்; சுற்றிலும் வேலி, உள்ளே வராதே என்று பலகை. யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. ஆளாளுக்குக் கடன் இருந்தது, வேலைக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருந்தது.

மார்லீனின் மகள் டனீலா செவிலியர் படிப்பின் இரண்டாம் ஆண்டில், ஒரு குளிர்காலத்தில், புத்தகப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் கார் கதவைத் திறக்காமல் திரும்பி வந்து படுத்தாள். சுருண்ட உடம்பு நிமிரவில்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், பேச ஆள் கொடுத்தார், தினமும் வெளியே நடக்கச் சொன்னார். "எங்க டாக்டர் நடக்குறது? கராஜுக்கும் கேட்டுக்குமா?" என்று கேட்டாள் மார்லீன். அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் தெருவில் மரங்கள் இருந்தன, கேள்வி புரியவில்லை. கடைசியில் டனீலாவே ஒருநாள் முகாம் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அந்த ரெட்கம் மரத்தடியில் போட்டு உட்கார்ந்தாள். அடுத்த நாளும் போனாள். வசந்தம் வந்தபோது சாப்பிடத் தொடங்கினாள், அடுத்த கோடையில் ஜோக் சொன்னாள். மார்லீன் குப்பை போடப் போகும்போதெல்லாம் அந்த மரத்தை, சொந்தக்காரரைத் தொடுவதுபோல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவாள்.

அவள் கணவன் ரீனோவுக்கோ அந்த மரத்தைக் கண்டால் உயிர் பதறும். அவன் கான்கிரீட் லாரி ஓட்டுபவன். அந்தத் தெருவின் பாதி வாசல்தளங்கள் அவன் ஊற்றியவை. பழைய யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத வெயில் மதியத்தில், ஒரு சத்தமும் கொடுக்காமல், மாட்டு எடைக் கிளையை அப்படியே கீழே போட்டுவிடும். அதனால் அவற்றுக்கு அங்கே விதவையாக்கி என்று பெயர். அந்தக் கோடையில் ஒரு கிளை டெஸ்மண்டின் படகின்மேல் விழுந்து அதை இரண்டாக்கியது. ஒருநாளும் தண்ணீரைப் பார்க்காமல் புல்லில் நின்ற படகு. டெஸ்மண்ட் அதற்காகப் பெற்ற பிள்ளை போனதுபோல் அழுதார். அன்று டனீலாவின் நாற்காலி அந்த இடத்திலிருந்து நாலெட்டு தள்ளி இருந்தது.

"அங்க போய் உக்காராத கண்ணு. அது கொல்லும்."

"அது கொல்லாதுப்பா. வீட்டுக்குள்ளதான் எனக்குச் செத்துப்போற மாதிரி இருக்கு."

"உளறாத."

"நீயும் ஒரு நாற்காலி எடுத்துட்டு வா. சும்மா அஞ்சு நிமிஷம் உக்காந்து பாரு."

ரீனோ போகவில்லை. கவுன்சிலுக்கு இரண்டு முறை எழுதினான்; மரம் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பதில் வந்தது. செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை, ஃபுட்டி என்கிற அந்த ஊர்க் கால்பந்தின் இறுதிப் போட்டி. மெல்பர்ன்காரன் எவனும் அன்று மதியம் தெருவில் இருக்கமாட்டான். வீட்டுக்கு வீடு சாஸேஜ் புகையும் கூச்சலுமாக இருந்த அந்த நேரத்தில் ரீனோ டிரில்லை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு கோலுக்கும் ஊர் அலறும்போதெல்லாம் மரத்தின் வேரடியில் ஒரு துளை போட்டான். களைக்கொல்லியை ஊற்றினான். பிறகு துளைகளை அடைத்து, பட்டையின் நிறத்துக்கே சாயம் குழைத்து, விரலால் வழித்து மெழுகினான். அந்த மெழுகலில்தான் மாட்டிக்கொண்டான். மறுவாரம் மரத்தைத் தட்டப்போன மார்லீனின் கண்ணில் அது பட்டது. அவள் குளியலறை ஓடுகளுக்கு நடுவே பூசியதும் அதே கைதான். யாரிடமும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மகளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் அப்பனை இழப்பாளா, தன்னையே இழப்பாளா என்று மார்லீனுக்கு நிச்சயமில்லை.

மரம் கிறிஸ்துமஸுக்குள் காய்ந்தது. கவுன்சில் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, மொட்டை அடிமரத்தைக் கூரை உயரத்துக்கு அப்படியே விட்டு, அதில் பெரிய பலகை ஒன்றை அறைந்தது. "இம்மரம் விஷம் வைத்துக் கொல்லப்பட்டது." குற்றவாளி தினமும் பார்த்துச் சாகட்டும் என்பதற்காக அந்த ஊரில் செய்கிற வேலை அது. கிளைகள் போன மறு செவ்வாய்க்கிழமை வானம் இறங்கி, அந்த அடிமரத்தின் உச்சந்தலையில் பந்தல் துணிபோல் வந்து தங்கியது.

தொட்டுப் பார்த்தவர்கள் அது சூடாக இருந்ததாகவும், வெயிலில் நிறுத்திய காரின் பானெட்டுக்கு அடிப்பக்கம் போல இருந்ததாகவும் சொன்னார்கள். சனிக்கிழமைப் புகை மேலே போய், இடமில்லாமல் திரும்பி வந்து சமையல்காரர்களின் முகத்திலேயே அடித்தது. முதலில் எல்லோரும் பயந்தார்கள், பிறகு பழகினார்கள்; பழகியதுதான் மார்லீனை அதிகம் பயமுறுத்தியது. ஆட்கள் குனிந்து நடந்தார்கள். வீட்டுத் தரகன் ஒருவன், "தாழ்வான வானம், கதகதப்பான சூழல்" என்று விளம்பரம் போட்டு ஒரு வீட்டை விற்றும்விட்டான். பிள்ளைகள் பந்தை உருட்டி மட்டும் விளையாடினார்கள். கணவன் மனைவிகள் காரணமில்லாமல் சண்டை போட்டு, காரணமில்லாமலே நிறுத்தி, பிறகு பேசாமலே இருந்தார்கள். ஒன்பதாம் எண் வீட்டு ஆள் காருக்குள் போய் உட்கார்ந்து, எஞ்சினைப் போடாமல், மாலைவரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு கார் இருந்தது.

டனீலா மறுபடி படுத்துவிட்டாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. அடிமரத்தைக் கரையான் தின்னத் தின்ன வானம் வாரத்துக்கு ஒரு சாண் இறங்கியது. கிரெக் வீட்டுக் கூரை ஓடுகள் ஒவ்வொன்றாகப் படபடவென்று வெடித்தன. "அம்மா, மேல என்னமோ உக்காந்திருக்கு" என்றாள் டனீலா. மார்லீன், "வானந்தான்டா, வேற ஒண்ணுமில்ல" என்றாள். அன்றே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினாள். வேலையை விட்டாள். மகள் மூச்சுவிடும் சத்தம் கேட்கிற தூரத்தைத் தாண்டி எங்கும் போகவில்லை. கெட்டில் கொதிக்கும் சத்தம் அதை மறைத்துவிடுமோ என்று தேநீர் போடுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரியில் உத்தரம் முனகத் தொடங்கிய அன்று அவள் கணவனிடம் சொன்னாள்.

"எனக்குத் தெரியும் ரீனோ. ஃபைனல் முடிஞ்ச மறுவாரமே தெரியும்."

ரீனோ கைகளைச் சட்டையில் துடைத்தான். "அவ தலையில விழுந்துடக் கூடாதுன்னுதான் செஞ்சேன்."

"இப்ப முழுசா விழுகுது. போய்ச் சொல்லு."

கவுன்சில் மரப் பிரிவிலிருந்து பிரையனி என்ற பெண் வந்தாள். ரீனோ டெஸ்மண்டுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான். டெஸ்மண்ட் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அட பாவி, என் படகுக்காகவா செஞ்ச?" என்று நெகிழ்ந்துபோய்க் கேட்டார். பிரையனி குனிந்தபடியே துளைகளைப் பார்த்தாள்.

"அபராதம் போடலாம். புதுக் கன்னு ஒண்ணு நடலாம். அது இந்த ஒசரம் வர நம்ம யாரும் இருக்க மாட்டோம்."

"வானம்?"

"அது என் பிரிவுல வராதுங்க."

அவள் கார் தெருவைத் தாண்டியதும் அடிமரம் முறிந்தது. சத்தமே இல்லை, கரையான் உள்ளே ஒன்றையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. பலகை குப்புற விழுந்தது. வானம் ஒரே மூச்சில் இறங்கிக் கூரைகளை அழுத்த, தெருவின் சன்னல் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து கீச்சிட்டன. மார்லீன் உள்ளே ஓடி மகளின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். கூரை மின்விளக்கு இறங்கி அவள் முதுகைத் தொட்டது. மகளின் நெஞ்சு தன் நெஞ்சுக்குக் கீழே வேகமாக அடிப்பது தெரிந்தது. வாழ ஆசைப்படும் நெஞ்சு அது என்பதும் அந்த நொடியில்தான் தெரிந்தது. பிறகு மின்விளக்கு முதுகைவிட்டு மெல்ல விலகியது.

வெளியே வந்து பார்த்தபோது ரீனோ மரத்தின் அடிக்கட்டைமேல் நின்று, சிமென்ட் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்குவதுபோல் இரண்டு கைகளாலும் வானத்தைத் தூக்கிப் பிடித்திருந்தான். முகம் செங்கல் நிறம்.

"எறங்கிடு ரீனோ," என்றாள் மார்லீன்.

"விட்டா விழுந்துரும். ஷூவ மட்டும் கழட்டி விடு, கடிக்குது."

அவள் மண்டியிட்டு லேஸை அவிழ்த்தாள்.

அன்றிலிருந்து அவன் இறங்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு விரல் உயர்ந்திருந்தான். ஆண்டு முடிவில் கூரை விளிம்பை எட்டினான். கால் எங்கே முடிகிறது, கட்டை எங்கே தொடங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்குச் சூப்பும், பஸ்தீஸி என்கிற பாலாடைக்கட்டிப் பலகாரமும் கொடுக்க முதலில் ஏணியும் பிறகு கயிறு கட்டிய வாளியும் தேவைப்பட்டன. பிரையனி வந்து மற்றத் தெருமரங்களுக்குப் போடுவதுபோல அவன் இடுப்பு வாரில் ஓர் எண் தகட்டை மாட்டிவிட்டுப் போனாள். அபராதம் பற்றிப் பேசவில்லை. கொண்டைக்கிளிகள் திரும்பி வந்து அவன் தொப்பியைப் பிய்த்தன. ஒன்பதாம் எண் ஆள் காரைவிட்டு இறங்கி அவன் நிழலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அந்த ஊரில் வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் நடுவே உள்ள புல்லை அவரவர் எல்லை வரைதான் வெட்டுவார்கள், ஒரு முழம் தாண்டினால் சண்டைதான். டெஸ்மண்ட் மட்டும் எல்லையைத் தாண்டிவந்து, கால்விரல்கள் பக்கம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அங்கே கத்தரிக்கோலால் வெட்டினார். கட்டையின் பக்கத்தில் நட்ட கன்று முழங்கால் உயரம் வந்திருந்தது. டனீலா படிப்புக்குத் திரும்பினாள். வகுப்பு முடிந்து வந்ததும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அப்பாவிடம் போய்விடுவாள்.

மார்லீனின் பயம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஏழாவது கோடையில், இலை அசையாத ஒரு மதியத்தில், மேலேயிருந்து குரல் வந்தது. இப்போதெல்லாம் அவன் அதிகம் பேசுவதில்லை.

"மார்லீன், வலது கை கனக்குது. பிள்ளைய எழுந்து போகச் சொல்லு."

மார்லீன் அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கை ஒரு மாட்டின் எடை இருக்கும். அதற்கு நேர் கீழே டனீலா புத்தகத்தை மார்பில் கவிழ்த்துவிட்டு, வாய் லேசாகத் திறந்தபடி, குழந்தையில் தூங்கியதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று ஒரு நிமிடம் நின்றாள். பிறகு கராஜுக்குப் போய் இன்னொரு நாற்காலியை எடுத்து வந்து, மகளுக்குப் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தாள்.

"பிடிச்சுக்கோ ரீனோ," என்றாள்.