மெசோத்தின் அத்திக் கூடை

என் கணவர் அம்ராமின் குரலைப் பற்றி நான் ரொம்பத்தான் பெருமையடித்துக்கொள்கிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அடித்துக்கொள்ளாமல்? கலிலேயா மலைமேல், எல்லைக் கம்பிவேலி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். முதற்கனி விழாவில் அவர் மேடையேறி எங்கள் வேதமான தோராவிலிருந்து வாசித்தால், டிராக்டர் ஓட்டுகிற பையன்கள்கூட எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். இங்கே குடியேறுமுன் மொரோக்கோ மலைக் கிராமத்தில் ரபி என்கிற வேத குருவிடம் உட்கார்ந்து படித்த வாய் அது. ஓய்வுநாள் சாயங்காலம் ஜெப ஆலயத்தில் பாடம் சொல்வதும் அவர்தான். பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்துகிடந்தாலும் தூக்கிவிடு, கூலிக்காரன் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடு, மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டு என்று வேதத்தில் இருப்பதையெல்லாம் எங்கள் கோழிப்பண்ணைக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் பொருத்திச் சொல்வார். திரைக்கு இந்தப் பக்கம், பெண்கள் வரிசையில், முதல் ஆளாக நான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் விழாவுக்கு ஜெருசலேமிலிருந்து ரேடியோக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. வேத விதிப்படி பண்டிகை அன்று மெஷின் எதையும் தொடக்கூடாது என்பதால் விழாவை எப்போதும் மறுநாள்தான் வைப்போம். அம்ராம் வெந்நீரில் தேன் கலந்து குடிக்க ஆரம்பித்தார். நானும் அவருடைய வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

அதே வருஷம்தான் அவருடைய அண்ணன் மெசோத்தின் அத்தித் தோப்புக்கும் ஐந்தாவது வருஷம். நட்ட மரத்தின் பழத்தை மூன்று வருஷம் தொடக்கூடாது என்பது வேதச் சட்டம். நான்காம் வருஷத்துப் பழம் கடவுளுடையது. ஐந்தில்தான் அது வீட்டுக்கு வரும். பாறையை உடைத்து, மண் சுமந்து கொட்டி, அவர் தனியாளாக வைத்த மரங்கள் அவை. பழம் கனிந்து உதிர்ந்து எறும்பு மொய்த்தபோதும் ஒன்றை எடுத்து வாயில் போட்டதில்லை. இந்த வருஷம் முதலில் பழுத்த பழத்துக்கு, ஜெருசலேம் ஆலயத்துக்கு முதற்கனிக் கூடை கொண்டுபோன காலத்தில் செய்தது போலவே, காம்பில் நாணல் கட்டி அடையாளம் வைத்திருந்தார். மெசோத்தின் கூடையைப் பார்க்க வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

விழாவுக்கு நான்கைந்து நாள் முன்னால் அவர் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"சுல்தானா, கூடைய இங்கயே கொண்டாந்து வச்சிடறேம்மா. தம்பி அவனோடதோட சேத்து எடுத்துட்டுப் போகட்டும்."

"ஏன் அத்தான், உங்க கைக்கு என்ன?"

"கை நல்லாத்தான் இருக்கு. நாக்குதான் ஒத்துவராது."

எனக்குப் புரிந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி, கூடை கொண்டுவருகிற ஆளே மேடையில் நின்று வேதப் பகுதியை வாசிக்க வேண்டும். மெசோத்துக்கு எழுத்து தெரியாது. அப்பா இறந்ததும், மூத்தவர் கோவேறு கழுதையோடு கரி மூட்டை சுமக்கப் போனார். அவர் போனதால்தான் இளையவர் ரபியிடம் போய் உட்கார முடிந்தது. ஜெப ஆலயத்தில் மெசோத் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொல்வார். ஒருநாள் புத்தகம் தலைகீழாக இருந்ததைப் பக்கத்தில் இருந்த ஹனானியா பார்த்துவிட்டான். ஊரில் வாய்க்கொழுப்புக்கு அவனைவிட்டால் ஆள் கிடையாது. "மெசோத்துக்குக் கால் பக்கத்திலிருந்து படிக்கிற வித்தை தெரியும்" என்றான். வரிசையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

"மனப்பாடம் பண்ணிக்கலாமே, அத்தான்? அதுல பாதி பஸ்கா பண்டிகை ராத்திரியில எல்லாரும் சேந்து சொல்றதுதானே?"

"கும்பலோட சொன்னா வருது. தனியா நின்னா எங்க ஓடுதுன்னே தெரியல. என் மாப்பிள்ளைங்க நிப்பாங்க, ரேடியோ நிக்கும். வேணாம்மா. நான் காத்திருந்தது அவனுக்குத் தெரியும்." மேலே கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியாததால், வீட்டுக்குள் வந்த கணவர்மேல் காட்டினேன்.

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இதுக்கா இத்தன? அண்ணன் கூடையோட நிக்கட்டும். அவருக்கும் சேத்து நானே வாசிச்சிடறேன்."

"பச்சப்புள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரியா?"

"இதுல என்னடி வெக்கம்?"

"வெக்கம் இல்லன்னு வாசிக்கத் தெரிஞ்சவங்க சொல்லக்கூடாது. சரி, நீங்கதானே பாடம் சொல்றீங்க? ஜெருசலேம்ல ஆலயம் இருந்தப்ப எழுத்து தெரியாதவன் எவனும் கூடை கொண்டாரலையா? அவனுக்கு என்ன பண்ணாங்க?"

தேன் டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் மெதுவாகச் சொன்னார்.

"மொதல்ல, தெரிஞ்சவன் தானா வாசிச்சான். தெரியாதவனுக்கு அடியெடுத்துக் கொடுத்தாங்க, அவன் திருப்பிச் சொன்னான்."

"அப்புறம்?"

"தெரியாதவங்க வெக்கப்பட்டு வர்றதையே விட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கணும்னு பெரியவங்க சட்டம் போட்டாங்க. தெரிஞ்சவனுக்கும் சேத்துதான்."

வருஷாவருஷம் இந்தப் பண்டிகைக்கு முந்தின ஓய்வுநாளில் இதைச் சொல்லித்தருவார். நாங்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வோம். வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவோம்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ரேடியோ வருதேடி" என்றார்.

அப்படிச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வருஷமெல்லாம் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மனிதர். அந்தக் குரல் ஒன்றுதான் அவருடைய சொத்து. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "வரட்டுமே" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது முழங்கால்வரை செம்மண். அண்ணன் தோப்புப் பக்கம் போய்விட்டு வந்திருக்கிறார்.

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும். எனக்கும்தான்" என்றார்.

"எடுத்துக் கொடுக்கறது யாரு? நீங்கதானே? அப்ப ரேடியோவுல முழுக்க உங்க குரல்தான் வரப்போகுது. கெட்டிக்காரர்தான்."

"காதோட காதாச் சொல்லுவேன். மைக்குக்குக் கேக்காது. எனக்கு ஹனானியா எடுத்துக் கொடுக்கட்டும்."

"அந்தக் காக்கா தொண்டையா?"

"அவன்தான். அவனும் கொஞ்சம் கத்துக்கட்டும்."

ஊர்க் கமிட்டியில் சிலர் முணுமுணுத்தார்கள். பாட்டுக்காரன் ஊமையானால் ரேடியோவுக்கு என்ன காட்டுவது என்றார்கள். அம்ராம் வேதத்தை எடுத்துப்போட்டுப் பேசி வாயை அடைத்தார். அதில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது.

விழா அன்று காலையில் மெசோத் வேலிப்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். "எல்லாருக்கும்தானா? அம்ராமுக்கும்?"

"அவருக்குத்தான் மொதல்ல, அத்தான்."

நம்பாமல் பார்த்துவிட்டுப் போனார்.

வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள். அம்ராம் முதலில் ஏறினார். தோளில் கூடை, பக்கத்தில் ஹனானியா. ஹனானியாவுக்கு வேர்த்துக் கொட்டியது, இரண்டு இடத்தில் நாக்குக் குழறியது. என் கணவர் பொறுமையாக நின்றார். ஒரு வார்த்தை முந்தவில்லை, ஒரு பிழை திருத்தவில்லை. இராகம் எதுவும் போடாமல், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு வரியையும் வாங்கித் திருப்பிச் சொல்லிவிட்டு இறங்கினார். என் வாழ்நாளில் அவர் அவ்வளவு அழகாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ரேடியோக்காரர் என்னிடம் குனிந்து, "பிரமாதமா வாசிக்கிற ஒருத்தர் இருக்கார்னு சொன்னாங்களேம்மா, அவர் எங்க? இங்க யாருக்கும் வாசிக்கத் தெரியாதா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு யாருக்கும் தெரியாதுங்க" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த கர்வத்தை எந்த ராணியிடமும் பார்க்க முடியாது.

அடுத்தடுத்து ஆட்கள் ஏறினார்கள். இப்போது அம்ராம் ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு மெசோத் ஏறினார். கூடையில் அத்திப்பழங்கள், அவற்றின் மேலே நாணல் கட்டிய அந்த ஒன்று.

"என் தகப்பன் அலைந்து திரிந்த அராமியன்" என்று வேதப் பகுதியைத் தொடங்கினார். குரல் முதலில் கரகரத்தது, பிறகு தேறிவிட்டது. மலைச்சரிவில் கழுதையை அதட்டிப் பழகிய குரலுக்கு மைக்கே தேவையில்லை. எகிப்துக்குப் போனோம், எங்களைக் கொடுமையாய் வேலை வாங்கினார்கள், கடவுள் எங்கள் உழைப்பைக் கண்டார். அந்த 'உழைப்பு' என்ற இடத்தில் அம்ராமின் உதடு நடுங்கியதைப் பார்த்தேன். சமாளித்துக்கொண்டு, பாலும் தேனும் ஓடுகிற நாடுவரை அண்ணனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். இனி ஒரே ஒரு வரிதான் பாக்கி.

அந்த வரி அம்ராமுக்கு வரவில்லை. வாயைத் திறக்கிறார், சத்தம் இல்லை. கண் நிறைந்து வழிகிறது. தனியாக விட்டால் எல்லாம் ஓடிப்போகும் என்று சொன்ன மனிதரைத் தனியாக விட்டாயிற்றே!

மெசோத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். கூடையை ஒரு கையால் இடுப்பில் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தம்பியின் கழுத்தில் போட்டார். போட்டுக்கொண்டு, அந்த வரியைத் தானே சொன்னார்: "இதோ, ஆண்டவரே, நீர் எனக்குக் கொடுத்த நிலத்தின் முதற்கனியைக் கொண்டுவந்தேன்."

சொல்லிவிட்டு, தம்பி திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தார். என் கணவர் அழுதுகொண்டே ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார்.