மூன்றாவது கட்டத்தில் ஓர் அடி

இருளாண்டி ஐயா அன்றைக்கு உயிரோடுதான் இருந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் பேண்டுக்காரர்கள் பார்த்து வாசிக்கச் சுர நோட்டு அடித்துக் கொடுக்கச் சொல்லி அவர் மகன் உக்கிரபாண்டி என் கடைக்கு வந்தார்.

1998இல் அருப்புக்கோட்டையில் பேண்டு செட்டுக்கு நோட்டு அடித்தவள் நான் ஒருத்திதான். கறுப்புத் திரைக் கம்ப்யூட்டர், மவுஸ் கிடையாது. சுரங்களை எழுத்தும் எண்ணுமாகத் தட்டிவிட்டு, கடைசியில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் ஐந்து கோட்டில் புள்ளி புள்ளியாகத் தாளில் வரும். கட்டத்துக்குத் தாளத்தில் நாலு அடி. ஒன்று குறைந்தாலும் வரி எண்ணைச் சொல்லி ஏசும். ஏசிக்கொண்டே சோறு போடுகிற மாமியார் மாதிரி, தாளையும் கொடுத்துவிடும்.

ஐயா பட்டாளத்து பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். பரளச்சியிலிருந்து பென்ஷன் வாங்க வரும்போதெல்லாம் என் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே தாளைப் படிப்பார். "மூணாவது கட்டத்துல ஒரு அடி கொறையுது தாயி" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. ஐப்பசியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபின் அவர் வரவில்லை.

உக்கிரபாண்டி கொண்டுவந்தது ஐயாவே கைப்பட எழுதிய பட்டாளத்து மெட்டு. மேலே அவர் பெயரைப் போடச் சொன்னார்.

"அண்ணே, ஐயா இருக்காகல்ல?"

"இருக்காக. நோட்டு கைக்கு வந்த மறுநா விடியக்கால தலைக்கு ஊத்துறோம். பேண்டு இல்லாம அப்பாவ அனுப்ப மாட்டேன்."

பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. எழுந்திருக்க முடியாத கிழடுகளுக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து, குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, இளநீரும் புகட்டுவார்கள். இரண்டு நாளில் சன்னி கண்டு உயிர் அடங்கிவிடும். யாரும் அதைக் கொலை என்று சொல்வதில்லை.

என் வீட்டுக்காரர் ராஜகுருவிடம் சொன்னேன். அடுத்த வீட்டு விவகாரம், நமக்கெதுக்கு என்றார். போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். பயந்தேன், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மெட்டை அடித்து, மூன்றாவது கட்டத்தில் ஓர் அடியை எடுத்துவிட்டேன். உக்கிரபாண்டி வந்தபோது, பிரிண்டரை அணைத்து வைத்துவிட்டு அவர் முன்னாலேயே கட்டளையைக் கொடுத்தேன். திரை ஏசியது. மிஷின் தாள் தர மாட்டேன் என்கிறது என்று சொன்னேன். இங்கிலீஷைப் பார்த்ததும் நம்பிவிட்டார். மூன்று வாரம் நடந்தார். ஒவ்வொரு முறையும் அவர் வெறுங்கையோடு படியிறங்கும்போது, ஐயாவுக்கு இன்னும் ரெண்டு நாள் என்று சந்தோஷப்பட்டேன்.

பங்குனியில் தங்கச்சி வீட்டு வளைகாப்புக்குத் திருச்சுழிக்குப் போனேன். திரும்பும்போது கடையைப் பூட்டும் நேரம். ராஜகுரு சிரித்தபடி நின்றார்.

"அந்தப் பரளச்சிக்காரர் காலைல வந்தாரு. ஒத்தக் கட்டளதான, நானே அடிச்சுக் குடுத்துட்டேன்."

பரளச்சிக்குக் கடைசி பஸ் போயிருந்தது. ஆட்டோ பிடிக்கலாம் என்று ராஜகுருவிடம் கெஞ்சினேன். கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டார்.

முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். வாசலெல்லாம் ஈரம். உக்கிரபாண்டி ஈர வேட்டியோடு நின்று, வாம்மா என்றார். அப்பாவிடம் நோட்டைக் காட்டிவிட்டுத்தான் ஊற்றினோம், நேற்றுச் சாயங்காலம் முழுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பெருமையாகச் சொன்னார்.

உள்ளே ஐயா கட்டிலில் கிடந்தார். எண்ணெய் காதுவழி வழிந்துகொண்டிருந்தது. பல் கிட்டியிருந்தது. நெஞ்சின்மேல் என் தாள், உச்சியில் அவர் பெயர். கட்டில் சட்டத்தில் விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, அங்கே நின்றது.

என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஒரு அடி கொறையுது தாயி," என்று கிட்டிய பல்லுக்குள்ளேயே முனகினார். "ஊர் சிரிக்கும். சரி பண்ணிக் குடுத்துரு."

சரி என்றேன்.