கெர்ஹார்டுக்குப் பக்கத்து இடம்

ஃப்ரீடன்டாலில் இறந்தவர்களை இறந்த வரிசையிலேயே புதைப்பார்கள். கணவன், மனைவி, பணக்காரன், குடிகாரன் என்ற பேதமெல்லாம் கிடையாது. முந்திப் போனவருக்குப் பக்கத்தில் அடுத்துப் போனவர். ஜெர்மனியிலிருந்து இந்தத் தெற்குக் கண்டத்துக்குக் கப்பலேறி வந்த லுத்தரன் கிறிஸ்தவ முன்னோர்கள் பெட்டி படுக்கையோடு இறக்கிய வழக்கம் அது. சொர்க்கத்துக்கு முன்பதிவு இல்லை என்பது அவர்கள் கட்சி.

ஆகவே பிப்ரவரியில், திராட்சை அறுவடைக்கு நடுவே கெர்ஹார்ட் நோஸ்கே இறந்ததும், அவர் மனைவி இர்மாவுக்குத் துக்கத்தோடு ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. அவருக்குப் பக்கத்து இடம் காலி. ஊரில் அடுத்துச் சாகிறவர் யாரோ, அவருக்குத்தான் அது. இர்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. டாக்டரே பொறாமைப்படும் உடம்பு. எதிர்வீட்டு எவால்ட் லிண்ட்னருக்கோ எண்பத்து மூன்று, நுரையீரல் பாதி போய்விட்டது.

இர்மா தினமும் அவருக்குக் கோழி சூப் கொண்டுபோகத் தொடங்கினாள்.

“என்னை உயிரோட வெச்சிருக்கறதுல உனக்கு எவ்வளவு அக்கறை!” என்றார் எவால்ட்.

“பேசாமக் குடி, கிழவா. அடியில காய் கிடக்கு பாரு.”

“உன் புருஷன் பக்கத்துல நான் போய்ப் படுத்துடுவேன்னு பயம்.”

“பயப்பட வேண்டியவர் அவருதான்.”

பயப்படக் காரணமும் இருந்தது. முப்பது வருஷம் கல்லறைப் பொறுப்பு கெர்ஹார்டிடம் இருந்தது. எவால்டின் மனைவி ஆல்மா இறந்த மறுவாரமே தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒரு அம்மாள் இறந்தாள். “ஆல்மா பக்கத்து இடத்தை எனக்கு விட்டு வை” என்று எவால்ட் வாசலில் நின்று அழுதார். கெர்ஹார்ட், “வரிசைன்னா வரிசைதான்” என்று கதவைச் சாத்தினார். உள்ளே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த இர்மா, தன் கணவனின் நேர்மையை நினைத்துப் பெருமைப்பட்டாள். இப்போது அந்தப் பொறுப்பு எவால்டிடம் வந்திருந்தது.

சனிக்கிழமைகளில் சுற்றுலாக்காரர்களுக்கு தேவாலயத்தைத் திறந்து காட்டுவது இர்மாவின் முறை. மூன்று ஒயின் பண்ணைகளில் ருசி பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு எல்லாமே அழகாகத் தெரியும், பெஞ்சுகூட. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பிரிஸ்பேனிலிருந்து கிரெய்க் என்பவர் தனியாக வந்தார். ஒயின் வாடையே இல்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் தன் அம்மா பெயர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது: லினா, 1941. இர்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பின்னறைக்கு அழைத்துப்போய் கேக் வெட்டி வைத்தாள்.

“இங்க ஞானஸ்நானம் வாங்கினவங்க எந்த ஊர்ல போய்ச் செத்தாலும் சரி, நம்ம கல்லறையில இடம் உண்டு தம்பி. எங்க வீட்டுக்காரர் கட்டிக் காப்பாத்தின சட்டம். ஒருத்தரும் மறுக்க முடியாது.”

“அப்பாடா,” என்றார் கிரெய்க். “மறுத்துடுவாங்களோன்னு பயந்துட்டே வந்தேன். அம்மா கார்லதான் இருக்காங்க.”

“ஐயையோ, வெயில்லயா உக்கார வெச்சிருக்கீங்க!” என்று இர்மா இன்னொரு தட்டு எடுத்தாள்.

“சாம்பலா இருக்காங்க,” என்றார் அவர் மெதுவாக.

இர்மா தட்டைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

அவரை அங்கேயே உட்காரவைத்துவிட்டு எவால்டிடம் போனாள். அவர் கட்டிலில் சாய்ந்தபடி முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“சாம்பலானாலும் ஓர் ஆள் கணக்குத்தான்,” என்றார். “ஆனா பொறுப்பு என் கையில இருக்கு. அங்க பாறை இருக்கு, தோண்ட முடியாது, ஒரு இடம் தள்ளிப் போடலாம்னு எழுதிடறேன். நீ ஒரு வார்த்தை கேளு, இர்மா. போதும்.”

கேட்க வாயெடுத்தாள். இருமலுக்கு நடுவே அவர் காத்திருந்தார்.

“ஆல்மா பக்கத்துல யாரு இருக்கா?” என்றாள்.

“தெரியாத மாதிரி கேக்கற. தபால் ஆபீஸ் அம்மா.”

“அப்புறம் நான் எப்படிக் கேக்கறது?”

“கெர்ஹார்ட் பண்ணினது வேற.”

“அன்னிக்கு நானும் உள்ளேதான் இருந்தேன், எவால்ட்.”

செவ்வாய்க்கிழமை காலையில் சாம்பல் பெட்டியை இறக்கினார்கள். சின்னப் பெட்டி. அதற்கு அவ்வளவு பெரிய இடம் தேவையே இல்லை என்று இர்மாவுக்குத் தோன்றியது. பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டு அறுவடைக் கூட்டத்துக்கு விரைந்தார். கிரெய்க் தொப்பியைக் கையில் பிடித்தபடி, பக்கத்தில் இன்னும் கல் நடாத மண்மேட்டைப் பார்த்தார்.

“இங்க இருக்கறவர் யாருங்க? நல்ல மனுஷன்தானே?”

“நேர்மையானவர்,” என்றாள் இர்மா.

அவர் தலையாட்டிவிட்டு நடக்கத் தொடங்கினார். இர்மா அவர் சட்டைக்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“குறட்டை மட்டும் விடுவார். ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னா நிறுத்திடுவார். அம்மாகிட்ட சொல்லிட்டுப் போங்க.”