நங்கூரம் போட்ட பத்தாம் வகுப்பு

2004-ஆம் வருஷம் ஜூன் ஏழாம் தேதி பள்ளி திறந்தது. எட்டாம் தேதியிலிருந்து ஓடைமேடு அரசு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் பெஞ்சுகள் நகர்ந்தன. ஒரு நாளைக்கு ஓர் அங்குலம். சனி, ஞாயிறுகளில் நகரவில்லை.

பள்ளிக்குக் கிழக்கே ஏரி, மேற்கே சிப்காட் புகைக்குழாய்கள். மேற்கேயிருந்து கம்பெனித் தொழிலாளிகளின் பிள்ளைகளும் கிழக்கேயிருந்து மீனவர் பிள்ளைகளும் வந்தார்கள். 1998-இல் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியானபோது, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கலாம் என்று அரசாணை வந்தது. எவ்வளவு சேர்ந்து என்று அரசாணையில் இல்லை. எனவே பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடி மூன்றடி என்று முடிவு செய்து நோட்டில் எழுதியது. பெண்கள் உள்ளே சுவரோரம், பையன்கள் வாசற்பக்கம், நடுவே மூன்றடி வழி. கழகத் தலைவர் குப்பன் அதன் கீழே கையெழுத்துப் போட்டான். ஏரியில் வலை வீசுகிறவன். தன் குப்பத்துப் பதினோரு வீட்டில் போய், அந்த மூன்றடிக்கு நான் பொறுப்பு என்று சொல்லித்தான் பதினோரு பெண்களைப் பள்ளிக்குக் கூட்டி வந்திருந்தான். அவர்களில் ஒருத்தி அவன் மகள் துர்காதேவி. மூன்றடி குறைந்தால் பதினோரு பேரும் நின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு குப்பத்தில் அவன் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

ஜூலை முதல் வாரம் வழி ஒன்றரை அடியானது. ஆறடி உயரமும் அதற்கேற்ற அகலமும் கொண்ட தலைமையாசிரியர் சாலமோன், திருப்புதல் வினாத்தாளோடு வழியில் பக்கவாட்டில் போய், பாதியில் சிக்கி, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்று பாடம் நடத்தினார். அன்று சாயங்காலம் குப்பனுக்கு ஆள் போயிற்று.

"இன்னா சார், பெஞ்சுக்குக் காலு மொளைச்சுக்கிச்சா?" என்றான் குப்பன்.

"ஏற்கெனவே நாலு இருக்குதே" என்றார் சாலமோன்.

பையன்கள்தான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பையன்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். தள்ளவில்லை என்று அழுதார்கள். குற்றம் செய்தவன்தான் இப்படி அழுவான் என்று பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த உமர் பாரூக் சொன்னார். இறால் வியாபாரி, அவருடைய மகள் இர்பானா துர்காதேவியோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். மறுநாள் குப்பன் தன் படகின் நங்கூரத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கொடி ஏற்றுகிற நாளில்கூட அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. பையன்களின் பெஞ்சுகளைக் கயிற்றால் கோத்து, சன்னல் வழியாக நங்கூரத்தை வெளியே இறக்கி, மண்ணில் புதைத்தார்கள். வழி தொடர்ந்து குறைந்தது. உமர் பாரூக் இன்னொரு நங்கூரம் அனுப்பினார். ஜூலை மூன்றாம் வாரத்தில் ஐந்து நங்கூரங்கள் இருந்தன. பள்ளிக்கு வந்த அதிகாரி இது மீன்வளத் துறையா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனார்.

வழி நான்கு விரல் அகலத்துக்கு வந்தபோது குப்பன் கழகத்தைக் கூட்டினான். பெண்களை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்று பேச்சு போயிற்று. குப்பன் நோட்டில் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது கணக்கு டீச்சர் மெஹர்னிசா கேட்டார்.

"அண்ணே, பையன்க பெஞ்சுக்குப் பின்னாடி அளந்தீங்களா?"

"அளந்தோம். போட்ட எடத்துலதான் இருக்குது."

"பொண்ணுங்க பெஞ்சுக்குப் பின்னாடி?"

யாரும் அளந்திருக்கவில்லை. அளக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தார்கள். முதலில் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்த பெண்கள் பெஞ்சுகளுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டே முக்கால் அடி இருந்தது. பெருக்க வருகிற குப்பம்மாள் ஒன்றரை மாதமாக அங்கே புதிதாகக் கிடைத்த இடத்தில் துடைப்பத்தையும் முறத்தையும் வைத்துக்கொண்டிருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள்.

உமர் பாரூக் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி மாட்டிக்கொண்டார். குப்பன் ஒரு நங்கூரத்தை அவிழ்த்து, பெண்களின் முதல் பெஞ்சில் கட்டினான். மறுநாள் காலையில் கயிறு விறைப்பாக நின்றது. நங்கூரம் புதைத்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் கிளம்பிச் சன்னலை நோக்கி வந்திருந்தது. குப்பன் கயிற்றில் விரலை வைத்துப் பார்த்தான். அலையில் ஒதுங்குகிற படகின் கயிறு தளர்ந்து இறுகும். இது இறுகியே இருந்தது.

"இது ஒதுங்கலே பாய். எங்கேயோ போய்க்கினு கீது."

"பையனுங்ககிட்ட இல்லியா?"

"அவனுங்களை வராண்டாவுல உக்கார வைங்க. பாத்துடலாம்."

பெஞ்சுகளோடு வராண்டாவில் உட்கார வைத்தார்கள். பெண்களின் நான்கு பெஞ்சுகளும் காலியான இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து, வாசலை நோக்கிப் போயின. பையன்கள் வழியில் இருந்தார்கள், அவ்வளவுதான். இந்தச் செய்தியில் பையன்கள்தான் மிகவும் வருத்தப்பட்டார்கள்.

காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வேகம் நாளைக்கு ஒரு முழமானது. டிசம்பரில் பெண்கள் கொடிக்கம்பத்தின் அருகே பாடம் படித்தார்கள். மெஹர்னிசா கரும்பலகையைச் சாலமோன் சாரின் முதுகில் சாய்த்து வைத்து வடிவியல் நடத்தினார். பிப்ரவரியில் பெஞ்சுகள் கேட்டைத் தாண்டித் தெற்கே திரும்பின. தெற்கே பொன்னேரி. பத்தாம் வகுப்புத் தேர்வு மையம் அங்கேதான் இருந்தது. குப்பன் நிம்மதியடைந்தான். பரீட்சை எழுதத்தான் போகிறது, எழுதிவிட்டுத் திரும்பிவிடும் என்று குப்பத்தில் சொன்னான். பரீட்சை முடிந்தது. பெண்கள் பஸ்ஸில் போய் எழுதிவிட்டு வந்தார்கள். பெஞ்சுகள் திரும்பவில்லை. பொன்னேரியில் ப்ளஸ் டூவும் இருக்கிறது என்று மெஹர்னிசா ஒரே ஒரு முறை சொன்னார். குப்பன் அன்று வலை காயப்போட வேண்டும் என்று சீக்கிரம் கிளம்பிவிட்டான்.

துர்காதேவி ஐந்நூறுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வாங்கினாள். இர்பானா நானூற்றுப் பதினைந்து. குப்பன் மகளுக்கு இறால் கம்பெனியில் வேலை சொல்லி வைத்திருந்தான். ஜூன் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் வரும். உமர் பாரூக் மகள் வீட்டோடு இருந்தால் போதும் என்றிருந்தார். அந்தத் திங்கட்கிழமை முதல் பெஞ்சு குப்பத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் முனையில் குறுக்கே நின்றது. அதன்மேல் துர்காதேவியும் இர்பானாவும் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் மற்ற மூன்று பெஞ்சுகள் வரிசையாக நின்றன. வேன் ஆரன் அடித்தது.

"எறங்கு துர்கா. வேன் நிக்குது பாரு."

"பெஞ்சைச் சொல்லு நைனா. நான் சும்மாதானே குந்திக்கினு கீறேன்."

குப்பன் பெஞ்சைப் பிடித்துக் குப்பத்தின் பக்கம் இழுத்தான். அசையவில்லை. வேன் டிரைவர் இறங்கி வந்து பிடித்தான். சேதி கேட்டு ஸ்கூட்டரில் வந்த உமர் பாரூக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். கூடவே குப்பத்து ஆட்கள் எட்டுப் பேர். முப்பது ஆள் இழுக்கிற வலையை இவர்கள் எட்டுப் பேராக இழுத்துக் கரையேற்றியவர்கள். பெஞ்சின் ஒரு கால்கூட எழும்பவில்லை. குப்பன் மணலில் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் வியர்வையா வேறெதுவா என்று யாரும் பார்க்கவில்லை.

"எத்தினி பேரு முன்னாடி எனக்கு இந்தத் தலைகுனிவு, தெரியுமா?" என்றான்.

துர்காதேவி பெஞ்சிலிருந்து குனிந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னாள்; ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"நைனா, இழுக்காதே. தள்ளு."

குப்பன் கொஞ்ச நேரம் பொன்னேரி ரோட்டைப் பார்த்தான். பிறகு எழுந்து, மறுபக்கம் போய், ஒரு கையை வைத்தான். தண்ணீரில் இறங்கிய படகு மாதிரி பெஞ்சு போயிற்று. உமர் பாரூக் கூடவே நடந்தார். கொஞ்சதூரம் போனதும் அவரும் ஒரு கையை வைத்தார். வைக்காவிட்டால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பிற்பாடு விளக்கம் சொன்னார். பின்னாலிருந்த பெஞ்சுகளை மற்ற தகப்பன்கள் தள்ளினார்கள். ஒன்பது கிலோமீட்டர். நடுவில் ஓர் இடத்தில் நின்று நாஷ்டா சாப்பிட்டார்கள். வேன் காலியாகத் திரும்பியது. பொன்னேரிப் பள்ளியில் பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு வரிசையில் நின்றபோது, பெஞ்சு கொண்டுவந்தால்தான் இடம் என்று நினைத்து, வேறு ஊர்த் தகப்பன் ஒருவர் நாற்காலி வாங்கக் கடைக்கு ஓடினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜூனிலும் தகப்பன்கள் பெஞ்சு தள்ளினார்கள். ரோட்டில் போகிற லாரிகள் ஒதுங்கி வழிவிடப் பழகின. ஓடைமேட்டில் பெஞ்சு தட்டுப்பாடும் பொன்னேரியில் இடத் தட்டுப்பாடும் வந்தன. இரண்டையும் விளக்கிச் சாலமோன் எழுதிய கடிதங்கள் ஒரு கோப்பு ஆயின. 2009-இல் ஓடைமேடு மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்தது. புதிய பதினோராம் வகுப்புக்குள் பெண்களின் பெஞ்சுகள் தாமாகவே போய் நின்றன. ஒரு வருஷம் அசையவில்லை. குப்பன் ஐந்து நங்கூரங்களில் நான்கை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தான். தன்னுடையதைப் பள்ளிக்கே விட்டான். அதை வராண்டா உத்தரத்தில் தொங்கவிட்டு மணியாக அடிக்கிறார்கள். ஏரி வரைக்கும் கேட்கும்.

மறு ஜூனில், பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய இரண்டாம் நாள், பெண்களின் பெஞ்சுகள் ஓர் அங்குலம் நகர்ந்திருந்தன. மெஹர்னிசா டீச்சர் ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டார். இம்முறை அவை பார்த்த திசையில் ரயில்வே ஸ்டேஷன் இருந்தது. அங்கிருந்து சென்னைக் கல்லூரிகளுக்கு ரயில் போகிறது. கழகம் கூடவில்லை. பையன்கள் தங்கள் பெஞ்சுகளைத் தூக்கி, வாசலை விட்டு, ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.