பக்கத்து சீட்டுக்கு அடியில்

சாவியைத் திருப்பினாள். வண்டி வாயே திறக்கவில்லை. மறுபடி திருப்பினாள். ம்ஹூம்.

"கிளம்பிட்டியாடி பொடிசு?" மடியில் கிடந்த போனில் அக்கா கிசுகிசுத்தாள்.

பதினேழு வயதாகியும் வீட்டில் அவள் பொடிசுதான். எல்லோரும் தூங்கும் நேரத்தில், அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் காருக்குள் செருப்புகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ஊரின் அந்தக் கோடியில், பூட்டிய பெட்ரோல் பங்குக்குப் பின்னால், அக்கா கைக்குழந்தையோடு ஒளிந்து நின்றாள். அடித்துத் துரத்திய புருஷன் இப்போது பைக்கில் தேடிக்கொண்டிருந்தான்.

"ஸ்டார்ட் ஆகலைக்கா."

"அழாத. ஹெட்லைட்டப் போடு. இப்ப சாவியத் திருப்பு. லைட்டு மங்குதா?"

"இல்ல, பளிச்சுனு எரியுது."

"அப்ப பேட்டரி நல்லாருக்கு. டிக்குனு ஒரு சத்தமாவது?"

"ஒண்ணுமே இல்லக்கா."

"ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டே போகல. கிளட்ச்ச முழுசா மிதிச்சாத்தான் போகும். ஏறி மிதி."

கல்யாணத்துக்கு முன்னால் இதே காரில் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பொடிசு கால் வலிக்க மிதித்தாள். வண்டி கல்லாக நின்றது.

"என் கையில இது மக்கர் பண்ணதே இல்லையேடி..." குழந்தை சிணுங்கியது. "பைக் சத்தம் கேக்குது. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. போன தடவ மாதிரி திரும்பக் கொண்டுபோய் விட்டுடுவாரு..."

போன் அடங்கியது. திரும்ப அடித்தால் போகவில்லை.

பொடிசு யோசித்தாள். நேற்று சாயங்காலம்கூட அவள் ஓட்டிப் பழகிய வண்டி. நேற்று இருந்து இப்போது இல்லாதது எது? பக்கத்து சீட்டில் அப்பா இல்லை. அவர் உட்கார்ந்ததும் குனிந்து சீட்டைச் சரிசெய்வார், அப்புறம்தான் "ம், ஸ்டார்ட் பண்ணு" என்பார். அவரைத் தவிர யாருமே உட்காராத சீட்டை எதற்குத் தினமும் சரிசெய்ய வேண்டும்?

குறுக்கே படுத்து அடியில் துழாவினாள். ஒரு சின்ன பட்டன் தட்டுப்பட்டது. போன வருஷம் ஒரு மாணவன் அப்பா ஏறும் முன்பே ஸ்டார்ட் செய்து மதில் சுவரில் ஏற்றினானே, அதற்குப் பிறகு, இதைப் போடாமல் வண்டி கிளம்பாதபடி வைத்திருப்பார். அக்காவுக்கு எப்படித் தெரியும்? அழுத்தினாள். நிமிரும்போது முழங்கை பட்டு ஹாரன் அலறியது.

மாடியில் விளக்கு எரிந்தது. பயத்தில் சீட்டோடு சுருண்டு ஒளிந்தாள். தலையைத் தூக்கியபோது அப்பா கதவருகே நின்றார்.

"எங்கடி கிளம்பிட்ட?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "அக்கா பங்குக்குப் பின்னால நிக்கிறாப்பா, குழந்தையோட. அவன் தேடுறான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னா. நீங்க திருப்பி அனுப்பிடுவீங்களாம்."

அப்பா சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். குனிந்தார். "ம், ஸ்டார்ட் பண்ணு."

திருப்பினாள். சத்தமே இல்லை.

"அணைச்சுட்டீங்க! வேணும்னே அணைச்சுட்டீங்க!" அவர் தோளில் குத்தினாள். "அவ செத்தாத்தான் போவீங்களா?"

"நானா? இப்பதானேடி போட்டேன்!"

"நான் ஏற்கெனவே போட்டுட்டேன்பா!"

"அட... கை பழகிப்போச்சும்மா." மறுபடி துழாவினார். "இப்பத் திருப்பு."

வண்டி உறுமியது.

"நீங்க ஓட்டுங்கப்பா. எனக்குப் பயமாருக்கு."

"மூக்குக்கண்ணாடி மாடியிலயே இருக்கு. அது இல்லாம எனக்கு ரோடு தெரியாது. நீ ஓட்டு, பிரேக்கு எங்கிட்டயும் இருக்கு."

வழியெல்லாம் அவர் கால் அந்த பிரேக்கின் மேலேயே இருந்தது. ஒருமுறைகூட அழுத்தவில்லை.

பங்குக்குப் பின்னாலிருந்து ஓடிவந்த அக்கா, அப்பாவைப் பார்த்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். அவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

"நம்ம வீட்டுக்கும்மா," என்றார். "சத்தியமா நம்ம வீட்டுக்குத்தான்."

அக்கா அசையவில்லை. தூரத்தில் ஒரு பைக் திரும்பும் வெளிச்சம் தெரிந்தது.

"ஏறுக்கா!" என்று கத்தினாள் பொடிசு. அவள் இன்ஜினை அணைக்கவே இல்லை.

அக்கா ஏறினாள்.