ஜீவராணியின் வேனுக்கு ஒரு போத்தல்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் முன்சீட்டிலிருந்து திருடினேன்.

"அந்தப் போத்தல ஊத்தினா தேஞ்ச எஞ்சின் சரியாயிருமாங்க?"

"சரியாகும்னு போத்தல்ல போட்டிருக்கு."

"போத்தல்ல போட்டது யாரு?"

"போத்தல விக்கிறவங்கதான்."

அதற்குள் இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். எனக்குக் கதை இப்படிப் பேச்சாகத்தான் வரும். ஆளையும் வேனையும் நான்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: நமுனுகுல மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஓர்—

(வேண்டாம். வேன் கதையில் மலைக்கு என்ன வேலை?)

தொடக்கம் இரண்டு: ஜீவராணியிடம் ஒரு வேன் இருந்தது. வேனிடம் புகை இருந்தது.

இது பரவாயில்லை. முப்பது வயது வேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரைப் பதுளைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குவது ஜீவராணியின் பிழைப்பு. வியாழக்கிழமை புகைப் பரிசோதனை. தேறாவிட்டால் வருட லைசன்ஸ் இல்லை. லைசன்ஸ் இல்லாவிட்டால் பிள்ளைகள் திங்கட்கிழமையே வேறு வேனில் ஏறிவிடுவார்கள்.

(முதல் பிரதியில் நான் அவளை நம்பவில்லை. லயத்து வரிசைவீட்டுப் பெண் வேன் ஓட்டுவாளா என்று நீங்கள் கேட்பீர்களோ எனப் பயந்து, ஸ்டியரிங்கைப் புருசன் ஜெயரூபனிடம் கொடுத்தேன். "அவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதுங்க" என்றாள். திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டேன்.)

3

செவ்வாய்க்கிழமை ஜெயரூபன் டவுனிலிருந்து மினுமினுக்கும் போத்தலோடு வந்தான்.

"ஸ்பேர் பார்ட்ஸ் கடை லிங்கம் குடுத்தாரு. எண்ணெயோட கலந்தா தேஞ்ச எடத்துல போய் ஒட்டிக்குமாம்."

"தேஞ்ச இரும்பு வளருமா?"

"வளரும்னு சொல்லல. ஒட்டிக்கும்னுதான் சொன்னாரு."

"ஒங்கம்மா மொழங்காலுக்குத் தேய்க்கிற தைலமும் இதத்தான் சொல்லுது."

(இங்கே எனக்குள் இருக்கும் கட்டுரைக்காரி கையைத் தூக்குகிறாள். சுருக்கமாகப் பேசச் சொல்லியிருக்கிறேன். இத்தகைய போத்தல்கள் பலவற்றில் எண்ணெயைத் தடிப்பாக்கும் சரக்கு இருக்கும். தடித்த எண்ணெய் தேய்ந்த இடுக்கில் நுழையத் தயங்கும். கொஞ்ச நாள் புகை குறையும், சத்தம் அடங்கும். இறுகிப்போன ரப்பர் ‘சீல்’களை இளக்கிக் கசிவை நிறுத்துகிற வகையும் உண்டு. எஞ்சினுக்குள் தேய்ந்துபோன பிஸ்டன் ரிங் மட்டும் எதை ஊற்றினாலும் வளராது. ஆகவே இந்தப் போத்தல் பொய்யுமல்ல, மெய்யுமல்ல, அது ஒரு— போதும், உட்கார்.)

4

புதன்கிழமை இருவரும் பதுளையில், ஜீவராணி அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் றில்வானின் கராஜுக்கு வேனைக் கொண்டுபோனார்கள்.

"எண்ணெய் எப்ப ஊத்தின?"

"நேத்துக்கூட ஊத்தினேன் நானா. எப்பப் பாத்தாலும் கொறைஞ்சே இருக்கு."

றில்வான் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, விட்டு, மறுபடி உருவினான். மேல்கோட்டுக்கும் மேலே இரண்டு விரல் எண்ணெய்.

"கொறையல்ல தங்கச்சி, கூடிப்போயிருக்கு. வேன எங்க நிப்பாட்டி அளக்குற?"

"லயத்து வாசல்ல."

"மட்டமான எடமா?"

"ஏத்தம். எங்க தோட்டத்துல மட்டமான எடம் பெரட்டுக் களம் ஒண்ணுதான். காலையில ஆளுக்கு வேல பிரிக்கிற எடத்துல வேன விட்டா தொரை சும்மா இருப்பாரா?"

"வேன் மூக்கத் தூக்கிட்டு நின்னா எண்ணெய் பின்னால ஓடிரும், கம்பியில ஏறாது. கொறைவுன்னு நீ ஊத்த ஊத்த, எஞ்சின் தாங்காமப் புகையாத் துப்புது."

ஜெயரூபன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சிரிக்கிறதுன்னா ரோட்டுல போய் நின்னு சிரிங்க" என்றாள் ஜீவராணி.

5

(இங்கேயே முடித்திருந்தால் நல்ல நகைச்சுவைக் கதை. ஆசையாகத்தான் இருந்தது.)

கூடுதல் எண்ணெயை இறக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணினார்கள். புகை பாதியாகியது. மறுபாதி போகவில்லை.

"இது வயசு" என்றான் றில்வான். "எஞ்சின எறக்கி ரிங் மாத்தோணும். ஒரு கிழமை எடுக்கும்."

"நாளைக்கு டெஸ்டு நானா."

ஜெயரூபன் போத்தலை நீட்டினான்.

"இத ஊத்தினா தேறிருமா?"

"தேறலாம். ஆனா தடிச்ச எண்ணெய் காலைக் குளிர்ல மேல ஏறச் சொணங்கும், நேரமெடுக்கும். தேய்மானம் இன்னும் கூடும்."

"ஊத்தாட்டி?"

"அப்பவும் தேறலாம். தேறாமலும் போகலாம்."

"நீங்கன்னா என்ன செய்வீங்க?"

"என்ட வண்டியில ஒன்பது பிள்ளைங்க ஏறல்லையே தங்கச்சி."

6

முடிவு அ: ஊற்றினாள், தேறினாள். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், ஸ்பிரிங்வெளி ஏற்றத்தில், எஞ்சின்— (உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள். எழுத மாட்டேன்.)

முடிவு ஆ: ஊற்றவில்லை, தேறவில்லை. ஆனாலும் மனம் நிறைந்திருந்தது. ("யாருக்கு நெறைஞ்சிச்சு?" என்கிறாள் ஜீவராணி.)

முடிவு இ: ஒரு வாரம் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்பும்படி பெற்றோரிடம் கேட்டாள். எல்லாரும் சம்மதித்தார்கள். ("ஒம்பது வீட்டுக்கும் நீங்க வந்து பேசுவீங்களா?" மறுபடியும் அவள்தான்.)

மூன்றையும் அடித்துவிட்டேன்.

"அடிச்சா ஆச்சா? நாளைக்கு டெஸ்டு எனக்குத்தானே?"

"எனக்குத் தெரியலம்மா."

"அப்ப படிக்கிறவங்களக் கேக்குறேன்." போத்தல் கையில் இருக்க, ஜீவராணி உங்கள் பக்கம் திரும்புகிறாள். "ஊத்தவா, வேணாமா? சட்டுனு சொல்லிறாதீங்க. முன்சீட்டுல ஒங்க பிள்ளை இருக்குன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க."