சூரைக்கு முந்திய வாக்கு

என் அண்ணன் கத்சுஹிகோவுக்கு நல்ல நாக்கு. மூளைதான் அவ்வப்போது நகரத்துக்குப் போய்விட்டு வரும். இந்த வருஷம் எங்கள் ஆலையில் அரிசியிலிருந்து காய்ச்சும் சாக்கே மதுவைத் தலைநகரப் போட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் வெறுங்கையோடு திரும்பினான். மணமே இல்லை, ரொம்ப மெலிவு என்று நடுவர்கள் சொன்னார்களாம். ஒரு வாய் உறிஞ்சி, சுழற்றி, வாளியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போகிறவர்கள் அவர்கள். பக்கத்தில் ஒரு துண்டு மீன்கூடக் கிடையாது. துப்புகிறவர்களுக்காக நான் சாக்கே காய்ச்சவில்லை என்று அன்றைக்கே அவனிடம் சொன்னேன்.

அப்பா போன பிறகு அண்ணன் முதலாளி, நான் காய்ச்சுகிறவள். எங்கள் சாக்கே காரம். இந்தக் கரையில் காரம் என்றால் மிளகாய்க் காரமில்லை. இனிப்பு நாக்கில் ஒட்டாமல் வாயைக் கழுவிவிட்டுச் சட்டென்று இறங்கிப் போவது. எங்கள் தோசா மாகாணத்தில் சூரை மீனுக்கு அதைத் தவிர வேறொன்றை ஊற்ற யாருக்கும் தோன்றியதில்லை. அண்ணனுக்குத் தோன்றிவிட்டது. போட்டியில் பரிசு வாங்கிய வடக்கத்திச் சாக்கேயில் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான். மூடியைத் திறந்தாலே கூடம் முழுக்கப் பேரிக்காய் வாசம்.

"இந்தக் குளிர்காலத்துலேர்ந்து நாமளும் இப்படித்தான் காய்ச்சறோம், சிசுரு."

"நாமளா? நீ காய்ச்சு. நான் ரயிலடியில உக்காந்து பேரிக்கா வித்துக்கறேன்."

"உனக்கு வாய் மட்டும் குறைச்சலே இல்ல. ஊர் ஒலகம் போற போக்கப் பாக்க வேணாமா?"

"ஒலகம் போகட்டும்ணே. அது சாயங்காலம் பசிச்சா மீன் திங்க இங்கதானே வரணும்?"

அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அரிசி வேகவைக்கத் தொடங்க வேண்டும், அதற்குள் முடிவு தெரிந்தாக வேண்டும் என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பதினேழு குளிர்காலம் விடியலில் எழுந்து கை வெந்து காய்ச்சியதை ஒரு பேரிக்காய் வாசனைக்காக விட்டுக்கொடுப்பேனா? படகுக்காரர்களுக்கு வருஷா வருஷம் நாங்கள் வைக்கும் விருந்து அந்த ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டு சாக்கேயையும் வைப்போம், அவர்கள் கையைத் தூக்கிச் சொல்லட்டும் என்றேன் நான். தோற்றால் அவன் சொன்னதைக் காய்ச்சுகிறேன். ஜெயித்தால் இந்தப் பேச்சையே அவன் இனி எடுக்கக் கூடாது. அண்ணன் உடனே சரி என்றான். நானும் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை. இலையுதிர் காலத்துச் சூரை, கொழுப்பேறித் திரும்பி வரும் சூரை. அதன் பக்கத்தில் உட்கார என் சாக்கேயைத் தவிர எதற்கும் யோக்கியதை இல்லை.

ஞாயிறு மத்தியானம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஒகபாயாஷி கேப்டன் முன்னால், அவர் ஆட்கள் பின்னால். நான் முற்றத்தில் வைக்கோலைக் கொளுத்தி, சூரையைக் கம்பியில் குத்தித் தீயில் காட்டிக்கொண்டிருந்தேன். மேல்தோல் கருக வேண்டும், உள்ளே பச்சையாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் கண்ணை எடுத்தால் மீன் போச்சு.

கேப்டனுக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொரு கிண்ணம் உள்ளே போனதுமே தொடையைத் தட்டினார்.

"சரி, பஞ்சாயத்த முடிச்சுட்டு நிம்மதியாத் திம்போம். எதுடா நல்லாருக்கு?"

"இருங்க கேப்டன், மீன் வரல!" என்று முற்றத்திலிருந்து கத்தினேன்.

"மீனுக்கா ஓட்டு? சாக்கேக்குத்தானே தங்கச்சி! வடக்கத்திச் சரக்குக்குக் கை தூக்குங்கடா!"

திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று இல்லை. எல்லாக் கைகளும் மேலே போயின. கேப்டன் கை எல்லாவற்றுக்கும் மேலே.

"அடேயப்பா, பழத்தையே புழிஞ்சு ஊத்துன மாதிரில்ல இருக்கு!" என்றான் ஒருவன்.

அண்ணன் வாசலுக்கு வந்து நின்றான். "வாக்குன்னா வாக்குதான், சிசுரு."

"நான் எங்கயும் ஓடிப்போகல. மீன் கருகுது, தள்ளி நில்லு."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. துப்புகிற கூட்டத்தைப் போலவே என் ஊர்க்காரர்களும் வெறும் வாயில் ருசி பார்த்துவிட்டார்களே! ஆனால் திரும்ப ஓட்டுப் போடச் சொல்லிக் கெஞ்சுகிற பிறவி நானில்லை. சூரையைத் தடிதடியாக வெட்டினேன். கல்லுப்பைத் தூவி, கையால் தட்டி, மேலே பச்சைப்பூண்டுச் சீவலைப் பரப்பி உள்ளே அனுப்பினேன். உப்பில் ஊறிய சூரைக் குடலும் ஒரு சாடி வைத்தேன். பிறகு நானும் போய் உட்கார்ந்தேன்.

மீன் வந்ததும் வீடு இரண்டுபட்டது. எங்கள் விருந்தில் யாரும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. தன் கிண்ணத்தையும் ஒரு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு அடுத்தவன் முன்னால் போய் உட்கார்ந்து, தன் கிண்ணத்தையே அவன் கையில் கொடுத்து ஊற்றுவார்கள். அவன் குடித்துவிட்டு அதே கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்து ஊற்றுவான். என் முன்னாலும் வந்தார்கள். தோற்றவளுக்கு ஆறுதல் சொல்கிறார்களாம். நான் வாங்கி வாங்கிக் குடித்தேனே தவிர யாருக்கும் முகம் கொடுக்கவில்லை.

கடைசியாக அண்ணனே வந்து என் எதிரில் முழந்தாளிட்டான். கன்னம் சிவந்திருந்தது. ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கையில் சாப்பாட்டுக் குச்சிகளால் பிடித்த சூரைத் துண்டு.

"கோவமா?"

"ஆமா, கோவந்தான்."

"நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப என் கிண்ணத்துல ஒரு வாய் குடி."

துண்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்துச் சாய்த்தான். காலி. அடுத்ததை எடுத்தான். அதுவும் காலி. அடுக்களையைப் பார்த்துக் கத்தினான்.

"சதோமி! இன்னும் ஒண்ணு கொண்டா!"

என் அண்ணி கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "நம்ம காரம் தீந்துபோச்சுங்க. கடைசிப் பாட்டிலை இப்பத்தான் கேப்டன் தூக்கிட்டுப் போனாரு. உங்க வடக்கத்தி பாட்டிலெல்லாம் அப்படியே கெடக்கு, அதக் கொண்டாரவா?"

"அத வச்சுக்கிட்டு எவன் சூரை திம்பான்?" என்று அதட்டினான் அண்ணன்.

சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. எல்லோரும் அவரவர் முன்னால் இருந்ததைப் பார்த்துக்கொண்டார்கள். எங்கே பார்த்தாலும் என் பாட்டில்கள், எல்லாம் காலி. பேரிக்காய்ப் பாட்டில் ஒன்றே ஒன்று, முதல் சுற்றில் வைத்த இடத்தைவிட்டு அசையாமல், அந்தச் சுற்றில் குறைந்ததோடு அப்படியே நின்றது.

முதலில் கேப்டன்தான் சிரித்தார். வாயில் இருந்த பூண்டு பறந்து போய் யார் மேலோ விழுந்தது. "மொதலாளி! இதக் கையத் தூக்கிட்டுச் சொல்லுய்யா!"

வீடே அதிர்ந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அண்ணனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

"சிரிக்காத," என்றான்.

"சிரிக்கலயே."

"தொட்டியில இன்னும் நம்ம காரம் இருக்கா?"

"இருக்கு. போய் எடுத்துட்டு வரவா?"

"நீ உக்காரு."

அவனே எழுந்து ஆலைப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் சட்டைக் கையெல்லாம் நனைய ஒரு ஜாடியைச் சுமந்து வந்தான். பழையபடி முழந்தாளிட்டு, தன் கிண்ணத்தை என் கையில் கொடுத்து ஊற்றினான்.

"இந்த வருஷமும் இதையே காய்ச்சு," என்றான் தலையைத் தூக்காமல்.

ஒரே மூச்சில் குடித்தேன். கிண்ணத்தை அவனிடம் திருப்பிக் கொடுத்து விளிம்புவரை ஊற்றினேன்.

"இதையே காய்ச்ச மாட்டேன்," என்றேன். "இன்னும் கொஞ்சம் காரமாக் காய்ச்சுவேன்."

அவன் வாய் நிறையச் சூரையோடு தலையாட்டினான்.